ரீசார்ஜ் போட்டாச்சு, ஆனாலும் ‘பிளாக்லிஸ்ட்’ காட்டுது... ஏன்? நாமக்கல் முட்டை விலை முதல் ஃபாஸ்டேக் வரை, மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் கதை

டோல்கேட்டில் ஒரு டிரெய்லர் நிற்கிறது. பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

“ஏப்பா தம்பி, இப்பத்தானே ஐநூறு ரூவா போட்டேன். மெசேஜும் வந்துருச்சு, இந்தா பாரு.”

“அண்ணா, எனக்கு இங்க பிளாக்லிஸ்ட்னுதான் காட்டுதுங்க. நான் என்னங்க பண்ணட்டும்?”

சேலம், நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறவர்களிடம் கேட்டால், இப்படி ஒரு வாக்குவாதத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஓமலூர், வைகுந்தம், ராசாம்பாளையம், மேட்டுப்பட்டி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுங்கச்சாவடி இருக்கிற ஊர் இது. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். டிரைவரின் வங்கியில் பணம் ஏறிவிட்டது. பூத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. நடுவில் எங்கேயோ ஒரு செய்தி பயணத்தில் இருக்கிறது.

அந்தச் செய்தி எப்படிப் பயணிக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் மென்பொருள் துறையில் ‘மெசேஜிங்’ என்று சொல்லப்படும் வேலை. ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் ஒரு தகவலைச் சொல்ல நாலைந்து வழிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, லாரிக்காரர் கையிலிருந்து கூடுதல் காசு போகலாம், போகாமலும் இருக்கலாம்.

வழி ஒன்று: போன் போட்டுக் கேட்பது

எளிமையானது இது. ஒரு மென்பொருள் கேள்வி கேட்கும். இன்னொன்று பதில் சொல்லும். பதில் வரும்வரை கேட்டவர் காத்திருப்பார். இதற்கு ‘ரிக்வெஸ்ட்-ரிப்ளை’ என்று பெயர். போனில் கூப்பிட்டு, “லோடு இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டு, எதிர்முனையில் இருப்பவர் நோட்டைப் புரட்டிப் பார்க்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது போல.

உடனே பதில் தெரிந்தே ஆகவேண்டிய இடங்களுக்கு இது சரி. கணக்கில் எவ்வளவு இருக்கிறது, இந்த பாஸ்வேர்டு சரியா, இந்த டேக் செல்லுமா என்பதுபோன்ற கேள்விகள்.

சிக்கல் எப்போது வரும் என்றால், பதில் வராதபோது. பதில் வரவில்லை என்பதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். கேள்வியே போய்ச் சேரவில்லை. அல்லது, போய்ச் சேர்ந்து வேலையும் முடிந்துவிட்டது, திரும்பி வரும் வழியில் பதில் தொலைந்துவிட்டது. அல்லது, அங்கே கூட்டம், கொஞ்சம் பொறுத்தால் வரும். கேட்டவர் பக்கம் இருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். யுபிஐயில் பணம் அனுப்பிவிட்டு, சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, “போச்சா, போகலையா, இன்னொரு தடவை அனுப்பட்டுமா?” என்று கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற எல்லோருக்கும் இந்த அவஸ்தை தெரியும்.

அதனால்தான் யுபிஐயின் உள்ளமைப்பு வெறும் ‘போன் போட்டுக் கேட்கிற’ முறையில் இல்லை. ஒரு வங்கிக்குக் கோரிக்கை போனதும், அது முதலில் “கிடைத்தது” என்று மட்டும் ஒரு ஒப்புகை கொடுக்கும். இணைப்பு அத்தோடு முடிந்துவிடும். வேலை முடிந்த பிறகு தனியாக இன்னொரு செய்தியில் பதில் வரும். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் இருக்கும். முன்பெல்லாம் பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை வந்ததும், கடிதத்துக்குப் பதில் பின்னால் வந்ததும் வேறு வேறுதானே, அதுபோல.

வழி இரண்டு: வரிசையில் போட்டுவிட்டுப் போவது

லோடு புக்கிங் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பத்து லோடு வருகிறது. வாசலில் லாரிகள் முறைப்படி நிற்கின்றன. ஒரு லோடு ஒரு லாரிக்குத்தான் போகவேண்டும். எந்த லாரிக்குப் போகிறது என்பது சரக்கு அனுப்புகிறவருக்கு முக்கியமில்லை; போய்ச் சேர்ந்தால் போதும். அவர் சரக்கு விவரத்தைக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

மென்பொருளில் இதற்கு ‘கியூ’ என்று பெயர். அனுப்புகிறவர் கியூவில் செய்தியைப் போடுவார். மறுபுறம் எத்தனை வேலைக்காரர்கள் இருந்தாலும், ஒரு செய்தியை ஒருவர்தான் எடுப்பார். வேலை அதிகமானால் இன்னும் நாலு பேரை நிறுத்திக்கொள்ளலாம். அனுப்புகிறவருக்கு அது தெரியவே வேண்டாம். வேலைக்காரர்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தாலும் செய்தி வரிசையில் காத்திருக்கும். இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய லாபம். போன் போட்டுக் கேட்கும் முறையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கவேண்டும். கியூவில் அந்தக் கட்டாயம் இல்லை.

ஒரு தொல்லையும் உண்டு. ஒரு டிரைவர் லோடை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் அவர் போன் சுவிட்ச் ஆஃப். புக்கிங் ஆபீஸ் என்ன செய்யும்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறு லாரியை அனுப்பும். முதல் லாரி உண்மையில் பஞ்சர் ஆகித்தான் நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. வெறும் போன்தான் ஆஃப் ஆகியிருந்தால், ஒரே லோடுக்கு இரண்டு லாரி போய் நிற்கும். மென்பொருள் கியூவிலும் அப்படியே. செய்தியை எடுத்தவர் “முடித்துவிட்டேன்” என்று ஒப்புகை தரும்வரை கியூ அதை அழிக்காது. ஒப்புகை வராவிட்டால் வேறொருவரிடம் கொடுக்கும். ஒரே வேலை இரண்டு தடவை நடக்கும் வாய்ப்பு இங்கிருந்துதான் வருகிறது. இதைப் பிறகு பார்க்கலாம். காசு போகும் இடம் இதுதான்.

வழி மூன்று: நாமக்கல்லுக்கு நன்றாகத் தெரிந்த வழி

தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு என்கிற என்இசிசி 1982-இல் தொடங்கப்பட்டது. அதுவரை முட்டைக்கு என்ன விலை என்பதை வியாபாரிதான் சொல்ல வேண்டும். பண்ணைக்காரருக்கு வேறு வழியில்லை. பண்ணையாளர்களே சேர்ந்து விலையை அறிவிப்பது என்று வந்த பிறகு நிலைமை மாறியது. இன்றைக்கும் நாமக்கல் மண்டலத்தின் முட்டை விலை அறிவிப்பு வந்தால், ‘5 காசு உயர்வு’, ‘10 காசு குறைவு’ என்று செய்தித்தாள், டிவி, வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் ஓடும்.

இந்த அறிவிப்பைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அறிவிப்பவர் ஒருவர். கேட்பவர்கள் மோகனூர் பண்ணைக்காரர், கேரளத்து மொத்த வியாபாரி, சென்னை மளிகைக் கடைக்காரர், பரோட்டா கடை முதலாளி, பத்திரிகை நிருபர் என்று எண்ணிக்கையே இல்லை. யார் யார் கேட்கிறார்கள் என்று அறிவிப்பவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. நாளைக்குப் புதிதாக ஒருவர் முட்டை வியாபாரத்துக்கு வந்தால், என்இசிசியிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டாம். அவர் காதைத் திறந்து வைத்தால் போதும். ஒவ்வொருவரும் அதே செய்தியை வைத்து வேறு வேறு வேலை செய்வார்கள்: ஒருவர் சரக்கை நிறுத்தி வைப்பார், ஒருவர் ஆம்லெட் விலையை ஏற்றுவார்.

இதுதான் ‘பப்ளிஷ்-சப்ஸ்கிரைப்’. சுருக்கமாக ‘பப்-சப்’. கியூவில் ஒரு செய்தி ஒருவருக்கு. பப்-சப்பில் ஒரு செய்தி கேட்கிற எல்லோருக்கும். இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், மெசேஜிங் பற்றிய பாதிப் பாடம் முடிந்தது. லோடு விவரத்தை பப்-சப்பில் விட்டால் பத்து லாரி ஒரே குடோன் வாசலில் போய் நிற்கும். முட்டை விலையை கியூவில் விட்டால் ஒரே ஒரு வியாபாரிக்குத்தான் விலை தெரியும். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது; ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எழுதும் புரோகிராமில் அடிக்கடி வரும் தவறு இதுதான்.

இந்த முறையை வியாபார உலகத்துக்குப் பெரிய அளவில் கொண்டுபோனவர்களில் ஒருவர் மும்பையில் பிறந்த விவேக் ரனதிவே. 1980-களில் அவருடைய டெக்னெக்ரான் நிறுவனம் உருவாக்கிய ‘இன்ஃபர்மேஷன் பஸ்’ அமெரிக்கப் பங்குச் சந்தை வியாபாரிகளின் மேசைகளுக்கு விலையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே பங்கு விலை, இங்கே முட்டை விலை. இரண்டிலும் தேவை ஒன்றுதான்: விலை மாறியதும், கேட்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியவேண்டும்.

பப்-சப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. அறிவிப்பு வந்த நேரத்தில் காதைத் திறந்து வைக்காதவர் தவறவிட்டுவிடுவார். இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, கடைசியாக வந்த செய்தியை மட்டும் பலகையில் எழுதி வைப்பது. தாமதமாக வருகிறவர் பலகையைப் பார்த்துக்கொள்ளலாம். முட்டை விலைக்கு இது போதும், நேற்றைய விலை யாருக்கு வேண்டும்? இன்னொன்று, வந்த செய்திகள் எல்லாவற்றையும் வரிசையாகப் பேரேட்டில் எழுதி வைப்பது. யார் எந்தப் பக்கம் வரை படித்தார்கள் என்று அவரவரே அடையாளம் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011-இல் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்த ‘காஃப்கா’ இந்தப் பேரேட்டு முறையில்தான் இயங்குகிறது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் 7 நாள் செய்திகளை அது வைத்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்இசிசி விலை அறிவித்தாலும், பண்ணைக்குச் சரக்கெடுக்க வரும் வியாபாரி அதே விலைக்கு எடுப்பார் என்று சொல்ல முடியாது. அதிலிருந்து இத்தனை காசு ‘மைனஸ்’ என்று பேரம் பேசுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம், பழைய மனக்குறையும்கூட. அறிவிப்பு எல்லோருக்கும் பொதுவாகப் போகிறது. பேரம் இரண்டு பேருக்கு நடுவில் போனில் நடக்கிறது. ஒரே தொழிலுக்குள் இரண்டு முறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பெரிய மென்பொருள்களிலும் அப்படித்தான். ஒரே முறையை வைத்துக்கொண்டு எல்லா வேலையையும் செய்வது நடக்கிற காரியமில்லை.

சரி, டோல்கேட்டுக்குத் திரும்பி வருவோம்

2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டேகை ரீடர் படிக்கிறது. சுங்கச்சாவடியின் வங்கி, என்பிசிஐ என்கிற தேசியக் கொடுப்பனவுக் கழகம், டேக் கொடுத்த வங்கி என்று மூன்று கைகள் மாறித்தான் பணம் கழிகிறது. வண்டியோ சில விநாடிகளில் போயாக வேண்டும். அதனால் கேட் திறக்கும் முன் பூத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த டேக் நல்ல நிலையில் இருக்கிறதா, பிளாக்லிஸ்ட்டில் இருக்கிறதா?

இதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழிகள். ஒன்று, பிளாக்லிஸ்ட் ஆன டேகுகளின் பட்டியலை அவ்வப்போது எல்லாச் சாவடிகளுக்கும் அனுப்பி வைப்பது. பூத் தன் கையில் இருக்கும் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும். இன்னொன்று, வண்டி வந்து நிற்கும்போதே மையக் கணினியிடம் கேட்பது.

முதல் வழியில், டிரைவர் ரீசார்ஜ் செய்த தகவல் அடுத்த பட்டியல் வரும்போதுதான் பூத்துக்குத் தெரியும். அதுவரை ‘பிளாக்லிஸ்ட்’தான். இரண்டாவது வழியில் அந்தத் தாமதம் இல்லை; ஆனால் நெட்வொர்க் போனால் கேள்விக்குப் பதிலே வராது. பட்டியல் பழையதாக இருந்தாலும் நெட்வொர்க் இல்லாத நேரத்தில் கை கொடுக்கும். முதலில் பட்டியல் முறையை வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2025 தொடக்கத்தில் இது பெரிய செய்தியானது. என்பிசிஐ ஜனவரி 28-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பிப்ரவரி 17 முதல் அமல். டேகை ரீடர் படிப்பதற்கு 60 நிமிடங்களுக்கு மேலாக அது பிளாக்லிஸ்ட்டில் இருந்து, படித்த பிறகு 10 நிமிடம் வரைக்கும் அப்படியே இருந்தால், அந்தப் பரிவர்த்தனை 176 என்ற குறியீட்டோடு நிராகரிக்கப்படும் என்றது அது. “அப்போ டோல்கேட் கிட்டப் போய் ரீசார்ஜ் பண்ணினா செல்லாதா?” என்று வாட்ஸ்அப் குரூப்கள் எல்லாம் பதறின.

இரண்டு நாளில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் விளக்கம் கொடுத்தது. அந்தச் சுற்றறிக்கை, வண்டி கடந்த நேரத்தில் டேகின் நிலை என்ன என்பதில் இரண்டு வங்கிகளுக்கு இடையே வரும் தகராறைத் தீர்ப்பதற்கானது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் எல்லாம் ‘ஐசிடி 2.5’ என்ற முறையில் இயங்குகின்றன. அதில் டேகின் நிலை அந்த நேரத்திலேயே தெரிந்துவிடும். எனவே சாவடியைக் கடக்கும் முன் எப்போது வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்யலாம். சில மாநில நெடுஞ்சாலைச் சாவடிகள் மட்டும் பழைய ‘ஐசிடி 2.4’-இல் இருக்கின்றன, அங்கே டேகின் நிலையை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவையும் புதிய முறைக்கு மாற்றப்படும். ஆணையம் சொன்னதன் சாரம் இது.

கவனித்தீர்களா? ஐசிடி 2.4, ஐசிடி 2.5 என்று புள்ளிக்குப் பின்னால் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். அதற்குள் இருப்பது, பட்டியலை அனுப்பி வைப்பதா, கேட்டுத் தெரிந்துகொள்வதா என்கிற அதே கேள்வி.

இதில் டிரைவருக்கு என்ன நஷ்டம்? 2025 நவம்பர் 15 முதல், செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் இல்லாமல் வருகிற வண்டி ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யுபிஐயில் கட்டினால் 1.25 மடங்கு என்று விதி வந்தது. 100 ரூபாய் கட்டணம் என்றால் ரொக்கத்துக்கு 200, யுபிஐக்கு 125. கார்காரருக்கு இது எரிச்சல். பல அச்சு கொண்ட டிரெய்லருக்குக் கட்டணமே பல மடங்கு என்பதால், ஒரு டிரிப்பில் இரண்டு இடத்தில் இப்படி ஆனால் டிரைவரின் படிக் காசு போய்விடும். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. டேக் சரியாக இருந்து, போதுமான பணமும் இருந்து, சாவடியின் கருவி வேலை செய்யாமல் போனால், கட்டணம் இல்லாமல் வண்டியை விடவேண்டும், ஜீரோ ரசீதும் கொடுக்கவேண்டும் என்று 2018-இல் திருத்தப்பட்ட விதி சொல்கிறது. புகாருக்கு 1033.

“ஆச்சா? ஆச்சா? ஆச்சா?”

பதில் வரும்வரை பொறுக்காமல் திரும்பத் திரும்பக் கேட்பதை ‘போலிங்’ என்பார்கள். தேர்தல் போலிங் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி எப்போ, பந்தி எப்போ என்று சமையற்காரரிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்பது மாதிரி. ஒருவர் கேட்டால் சமாளிக்கலாம். ஐந்நூறு பேர் கேட்டால் சமையற்காரர் பதில் சொல்வாரா, கரண்டியைப் பிடிப்பாரா?

2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐ மணிக்கணக்கில் தடுமாறியது நினைவிருக்கலாம். என்பிசிஐ காரணத்தை ஆராய்ந்தபோது கிடைத்த விடை இதுதான்: ஒரு பரிவர்த்தனை என்ன ஆயிற்று என்று நிலவரம் கேட்கும் கோரிக்கைகள் வங்கிகளிடமிருந்து வெள்ளமாக வந்து குவிந்திருந்தன. பணம் அனுப்பும் வேலையைவிட, “அனுப்பியாச்சா?” என்று கேட்கும் வேலை கணினிகளை மூச்சுத் திணற வைத்தது.

அதன் பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. நிலவரம் கேட்பதற்கு இடைவெளி விடவேண்டும், ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் மூன்று தடவைதான் கேட்கலாம். 2025 ஆகஸ்ட் 1 முதல் பேலன்ஸ் பார்ப்பதும் ஒரு ஆப்பில் நாளுக்கு 50 முறைதான். சிலர் இதைக் கெடுபிடி என்று நினைத்தார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவைக்கு மேல் பேலன்ஸ் பார்க்கிறவர்களைப் பற்றி வேறென்ன சொல்வது!

இரண்டு தடவை வந்தால் என்ன செய்வது?

முன்னால் பாதியில் விட்ட விஷயம். செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் மூன்று விதமான உத்தரவாதம் உண்டு. இதை விளக்க கோழிப்பண்ணையைவிட நல்ல இடம் கிடைக்காது.

‘எம்க்யூடிடி’ என்று ஒரு செய்தி முறை இருக்கிறது. 1999-இல் ஐபிஎம்மைச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. அன்றைக்குச் செயற்கைக்கோள் இணைப்பு மெதுவானது, காசும் அதிகம். அதனால் செய்தி மிகச் சிறியதாக இருக்கும்படி வடிவமைத்தார்கள். இன்றைக்கு சென்சார் வைத்த பண்ணை, தண்ணீர்த் தொட்டி, தொழிற்சாலை என்று எல்லா இடத்திலும் அது இருக்கிறது.

கோடையில் முட்டைக்கோழிக்கு வெயில்தான் எமன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை அறிவிப்பைப் பண்ணைக்காரர்கள் விடாமல் கவனிப்பது இதனால்தான். அடைப்பான ஷெட்டில் மின்விசிறி நின்றுபோனால் நிலைமை இன்னும் மோசம். இப்படி ஒரு ஷெட்டில் சென்சார் வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை அனுப்புகிறது. ஒரு நிமிடத்துச் செய்தி தொலைந்தால் குடி முழுகிவிடாது. அடுத்த நிமிடம் இன்னொன்று வரும். இதற்கு ‘அதிகபட்சம் ஒருமுறை’ போதும். அனுப்பினேன், போய்ச் சேர்ந்தால் சரி, சேராவிட்டாலும் சரி.

விசிறி நின்றுவிட்டது என்கிற எச்சரிக்கை அப்படி இல்லை. அது போயே ஆகவேண்டும். ஒப்புகை வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். இது ‘குறைந்தது ஒருமுறை’. பண்ணைக்காரர் போனில் ஒரே எச்சரிக்கை மூன்று தடவை அடிக்கலாம், அடிக்கட்டுமே.

மூன்றாவது ‘சரியாக ஒரே ஒருமுறை’. தீவனக் கம்பெனிக்குப் பணம் கட்டும் செய்தி என்றால் இதுதான் வேண்டும். எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். விலையும் இதற்குத்தான் அதிகம். ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு பக்கமும் பலமுறை பேசி உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கும். எம்க்யூடிடி இந்த மூன்றையும் 0, 1, 2 என்று எண் போட்டு வைத்திருக்கிறது. எந்தச் செய்திக்கு எது என்று எழுதுகிறவர் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கடைசிவரை, அதாவது வங்கிக் கணக்கு வரைக்கும் ‘ஒரே ஒருமுறை’ என்பதை எந்த மெசேஜிங் கருவியும் தனியாக வாங்கித் தந்துவிடாது.

அனுபவமுள்ளவர்கள் செய்வது வேறு. ‘குறைந்தது ஒருமுறை’யை வைத்துக்கொள்வார்கள். கூடவே ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். வாங்குகிறவர், “இந்த எண்ணை முன்னாடியே பார்த்தேனா?” என்று கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பார். பார்த்திருந்தால் பேசாமல் விட்டுவிடுவார். மொய் எழுதுகிறவர் ஒரே பெயரை இரண்டாம் தடவை எழுதாமல் இருப்பது மாதிரிதான். இதற்கு ‘ஐடம்பொட்டன்ட்’ என்று வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். டோல்கேட்டில் ஒரே பயணத்துக்கு இரண்டு தடவை பணம் கழிந்தது என்று வரும் புகார்களைக் கேட்கும் எந்த மென்பொருள் ஆளும் முதலில் சந்தேகப்படுவது, இந்தச் சோதனை எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா என்பதைத்தான்.

எம்க்யூடிடியில் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. ஷெட்டில் கரண்ட் போய் சென்சாரே அணைந்துவிட்டால் எச்சரிக்கையை யார் அனுப்புவது? சென்சார் முதலில் இணையும்போதே, “நான் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால், என் சார்பில் இந்தச் செய்தியை அறிவித்துவிடு” என்று நடுவில் இருக்கும் சர்வரிடம் எழுதிக் கொடுத்துவிடலாம். அதன் பெயரே ‘லாஸ்ட் வில்’. உயில்தான்.

லாரி ஆப் எழுதப் போகிறவருக்கு

சேலம் கருப்பூர் பக்கம் 2024-இல் திறந்த டைடல் நியோ பூங்காவிலோ, திருச்செங்கோட்டில் வீட்டு மாடியிலோ உட்கார்ந்து ஒருவர் லாரிகளுக்கான ஆப் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்வார்?

லாரி இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் பத்து விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. ஓனர், சரக்கு அனுப்பியவர், வாங்குகிறவர் மூன்று பேரும் அதைப் பார்க்க வேண்டும். பப்-சப். ஒன்றிரண்டு தொலைந்தால் பரவாயில்லை. புதிய லோடு வந்திருக்கிறது, ஒரு லாரிக்குத்தான் கொடுக்க வேண்டும். கியூ, ஒப்புகையோடு. ‘ரேபிட்எம்க்யூ’ போன்ற கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. வாடகை அட்வான்ஸ் அனுப்பும் செய்திக்குக் கியூவும் வேண்டும், எண் சோதனையும் வேண்டும். டிரைவர் லைசென்ஸ் எண்ணைப் போட்டதும் சரியா தவறா என்று அப்போதே சொல்ல வேண்டும். போன் போட்டுக் கேட்கும் முறை போதும், அதற்குப் போய் காஃப்கா வைப்பது எலி பிடிக்க ஜேசிபி கொண்டுவருவது மாதிரி.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது வரிசையில். ‘லோடு ஏற்றியாச்சு’, ‘கிளம்பியாச்சு’, ‘இறக்கியாச்சு’ என்று மூன்று செய்திகள். சங்ககிரி தாண்டி சிக்னல் விட்டுவிட்டு வந்ததில் மூன்றாவது முதலில் வந்து, முதலாவது கடைசியில் வந்தால், ஆபீஸில் இருக்கும் திரையில் இறக்கிய லாரி மறுபடியும் லோடு ஏற்றிக்கொண்டு நிற்கும். காஃப்காவில் எல்லாச் செய்திக்கும் மொத்தமாக வரிசை உத்தரவாதம் கிடையாது. அது பேரேட்டைப் பல பாகங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பாகத்துக்குள்தான் வரிசை மாறாது. லாரி நம்பரையே சாவியாகக் கொடுத்துவிட்டால், ஒரு லாரியின் செய்திகள் எல்லாம் ஒரே பாகத்தில், எழுதப்பட்ட வரிசையிலேயே விழும். போனிலிருந்தே முன்பின்னாகக் கிளம்புவதைத் தடுக்க, ஒவ்வொரு செய்தியிலும் நிகழ்வு நடந்த நேரத்தையும் வரிசை எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சிக்னல் கிடைத்த நேரத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

கடைசியாக, யாராலும் புரிந்துகொள்ள முடியாத செய்திகள். லாரி நம்பர் பாதிதான் வந்திருக்கிறது, எடை இருக்கவேண்டிய இடத்தில் டிரைவர் பெயர் இருக்கிறது. இதை எடுக்கும் மென்பொருள் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழும். ஒப்புகை வராததால் கியூ திரும்பத் திரும்ப அதையே கொடுக்கும். பின்னால் நிற்கும் நல்ல செய்திகள் எல்லாம் காத்துக் கிடக்கும். டோல்கேட்டில் ஒரு வண்டி நின்றால் பின்னால் ஹாரன் அடிக்கிற கதைதான். சாவடிகளில் அந்த வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு மற்றதை விடுவார்கள். மென்பொருளிலும் இரண்டு மூன்று தடவை முயன்று முடியாவிட்டால் செய்தியை ஓரமாக ஒரு தனி கியூவில் ஒதுக்கி வைப்பார்கள். ‘டெட் லெட்டர் கியூ’ என்று அதற்குப் பெயர். தினமும் காலையில் யாராவது ஒருவர் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று முதல் நாளே ஆளைப் போட்டு வைப்பது நல்லது. பல ஆபீஸ்களில் அந்தக் கியூ இருக்கும், பார்க்கிற ஆள்தான் இருக்க மாட்டார்.